புள்ளி நோட்டும் பத்து வெள்ளிக்கிழமைகளும்

1

ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்கள் ஊர் வாழவந்தியிலிருந்து என் அண்ணி போனில் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கும் என்னைப் போலவே சர்க்கரை. தினமும் என்ன சாப்பிட்டோம், மாத்திரை போட்டோமா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

“ஏனுங்கம்மிணி, நீங்க அங்க என்னமோ புள்ளி வச்ச நோட்டு எழுதறீங்களாமா? போனைத் தொறந்தா அந்த வீடியோதான் வருது. கலர் கலராக் கோடு போடறாங்க, பூ வரையறாங்க, டேப்பு ஒட்டறாங்க. அது எனக்கு ஒத்து வருமா வராதான்னு சொல்லுங்க. உங்கண்ணன் டவுனுக்குப் போயி வாங்கியாறேன்னு பையைத் தூக்கிட்டு நிக்கறாரு.”

“ரெண்டு நாள் பொறுங்கண்ணி, சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

ரெண்டு நாள் என்றது மூன்று வாரமாகிவிட்டது. ஒத்து வரும், வராது என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற காரியமாக அது எனக்கு அமையவில்லை. அந்த நோட்டில் நான் எழுதியதை நம்பி எனக்கு மாத்திரையைக் கூட்டினார்கள். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், நடுரோட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் விழப் பார்த்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணியைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

2

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் சமையல் செய்துகொண்டிருந்தவர். அந்தக் கைவேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. இப்போது ஓர் அலுவலக கேன்டீனில் இருக்கிறார். காலை ஆறு மணிக்குப் போனால் பொழுது சாயும்போது வருவார். நான் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குழந்தைகளை ரோடு தாண்ட வைக்கும் வேலை பார்க்கிறேன். மஞ்சள் கோட்டு, தலைக்கு மேல் உயரமான கம்பு, கம்பின் நுனியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. அதைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நான் போய் நின்றால் லாரியும் நிற்கும். சேலம் பஸ்ஸுக்குக் கை காட்டி, நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு இது ஒரு பெரிய பதவி.

எங்களுக்கு ஒரே பெண், மலர்விழி. ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் வேலை பார்க்கிறாள். போன ஆவணியில் அவள் அப்பா அவளைக் கேட்காமல் போட்டோவையும் நட்சத்திரத்தையும் அடிவாரத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு பையனிடமிருந்து அவள் போனுக்கு “ஹாய்” என்று வந்த பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?”

“பெத்தவன் போட்டோ அனுப்பறதுக்கு மனுக் குடுக்கோணுமா?”

அன்றைக்கு நின்ற பேச்சுதான். ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம், ஒரே ரத்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு மட்டும் வீடியோவில் போன் வரும். மணி அடித்ததும் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். பனி பெய்தாலும் போவார். என் சர்க்கரையைத் தவிர மலருக்கும் எனக்கும் பேசிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. வேறு எதைத் தொட்டாலும் பேச்சு அப்பாவிடம்தான் போய் முட்டும்.

இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு அவள் தபாலில் அந்த நோட்டை அனுப்பினாள். கோடு கிடையாது, பக்கம் முழுக்கப் புள்ளி. புல்லட் ஜர்னல் என்று பேர்.

“புல்லட்டா? வண்டியே வாங்கி அனுப்பிட்டாளோன்னு பாத்தேன்” என்றார் அவர். மகள் பேரைச் சொல்லாமல் அவளைப் பற்றி அவர் பேசும் தோரணை அதுதான்.

வீடியோவில் மலர் சொல்லிக்கொடுத்தாள். முதல் பக்கத்தில் என்னென்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியல். செய்ய வேண்டியதற்கு முன்னால் ஒரு புள்ளி. செய்து முடித்தால் அந்தப் புள்ளி மேல் ஒரு பெருக்கல் குறி. செய்யாமல் தள்ளிப் போனால் ஓர் அம்புக்குறி போட்டு அடுத்த வாரத்தில் திரும்ப எழுத வேண்டும். அப்படித் திரும்பத் திரும்ப எழுதக் கை வலித்தால், அது நமக்கு வேண்டிய காரியம்தானா என்று யோசிக்க வேண்டுமாம். எனக்கு இது பிடித்திருந்தது. பின்னாலே ஒரு பக்கத்தில் மாதம் முழுவதற்கும் கட்டம் போடச் சொன்னாள். ஒரு நாளைக்கு நாலு கட்டம்: காலைச் சாப்பாடு, மாத்திரை, மதியம், ராத்திரி. சாப்பிட்டால் பச்சைப் பேனாவில் நிரப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனுக்கு முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும்.

கோயிலுக்கு வரும் ஒரு அம்மா இதே நோட்டை எனக்கு முன்பே ஆரம்பித்தவர். தை மாதத்துக்குப் பொங்கல் பானை வரைந்து, கரும்பு வரைந்து, வர்ணம் தீட்டி முடிப்பதற்குள் மாசி வந்துவிட்டது என்று சிரித்தார். மாசியோடு விட்டும்விட்டார். நான் படம் வரையவில்லை. கட்டம் மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

3

நோட்டு வந்த பிறகு, தை மாதம் முதல் வெள்ளிக்கிழமைதான் நான் வேண்டுதலை ஆரம்பித்தேன்.

சேர்வராயன் மலை உச்சியில் குனிந்து உள்ளே போகும் குகைக் கோயிலைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. சேர்வராயனோடு காவேரியம்மாவும் அங்கே இருக்கிறாள். அவள் படத்தை நான் வரும்போது புடவைக்குள் மடித்துக் கொண்டுவந்தேன். அவளுக்குப் பதினொரு வெள்ளி, காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும், அப்பாவும் மகளும் பேச வேண்டும் என்று வேண்டிக் காசு முடிந்துவைத்தேன்.

வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அது அப்படித்தான். நான் ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் கிடந்தேன். அம்மா எனக்காக வேண்டிக்கொண்டது அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ரெண்டு வருஷம் கழித்து வைகாசித் திருவிழாவில் கடனைத் தீர்த்துவிட்டுக் குகையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்த பிறகுதான், “இதுக்குத்தான்” என்றார். நடுவில் சொன்னால் பலன் போய்விடும். அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள் நான். இப்போதும் அதைக் கேலி பேச எனக்கு மனசு வராது.

இன்னொன்றும் ஊர்ப் பழக்கம். விரதம் இருக்கிறவர்கள் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிக்கொள்வார்கள். மருந்து விரதத்தில் சேராது. நானும் வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘சாப்பாட்டுடன்’ என்று டப்பா மேலேயே எழுதியிருந்தது. மாத்திரையை விடவில்லையே, நர்ஸ் பேச்சும் கேட்டோம், சாமி பேச்சும் கேட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி.

முதல் வெள்ளிக்கு மாத்திரைக் கட்டத்தை மட்டும் பச்சையாக்கி, காலையையும் மதியத்தையும் காலியாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மலர் பார்த்துவிட்டாள்.

“அம்மா, ஃப்ரைடே ஏன் எம்ட்டியா இருக்கு? சாப்பிடலையா?”

“சாப்பிட்டேன் கண்ணு. எழுத மறந்துட்டேன்.”

“சாப்பிட்டா ஃபில் பண்ணுங்கம்மா. இப்பவே. நான் பாக்கணும்.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டு கட்டத்தையும் நிரப்பினேன். “சூப்பர்ம்மா” என்று சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்த வெள்ளி அவள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. காலையில் காவேரியம்மா படத்துக்கு விளக்கேற்றிய கையோடு நோட்டை எடுத்து, சாப்பிடாத சாப்பாட்டுக்கெல்லாம் பச்சை அடித்து வைத்தேன்.

ஊரில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் காலையில் வந்தவர்கள் பேரை நோட்டில் போடுவார், பேர் இருந்தால்தான் அன்றைய கூலி. அம்மா பழம் எடுக்கப் போன காலத்தில் ஒருநாள் அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. போக வேண்டாம் என்று நாங்கள் அழுதோம். “பேர் உழுந்துட்டாப் போதும் கண்ணு” என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். பேர் விழுந்த பிறகு சில்வர் ஓக் மரத்தடியில் சுருண்டு படுத்தார். ரைட்டரின் நோட்டில் அம்மா அன்றைக்கு முழுநாள் வேலை செய்தார். நோட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் செய்தேன்.

4

எட்டு வெள்ளி முடிந்திருந்தபோது சர்க்கரை நர்ஸைப் பார்க்கும் நாள் வந்தது. கண்ணாடி போட்ட, என் வயதுப் பெண். பழனியம்மாள் என்ற என் முழுப் பேரும் வாயில் நுழையாததால் என்னைப் பழனி என்று கூப்பிடுவார். ஊரில் அது ஆம்பிளைப் பேர் என்று நான் சொன்னதில்லை.

நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இவ்வளவு சுத்தமாக எழுதி வந்தவர்களைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுருங்கினார். மூன்று மாத ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை பொழுதுக்கும் காய்ந்து கிடந்துவிட்டு, விளக்கு வைத்ததும் சோற்றை மலைபோலப் போட்டுச் சாப்பிட்டேன். சனிக்கிழமையும் அந்தப் பசி விடாது.

அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள், ஒருநாள்கூட மாத்திரை விடவில்லை, அப்படியும் ஏறுகிறது என்றால் மாத்திரை போதவில்லை என்றுதான் அர்த்தம், நாளையிலிருந்து காலையில் ரெண்டாகப் போடுங்கள் என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. என் கையெழுத்தைப் படித்து, என் கையெழுத்துக்கு வைத்தியம் பார்த்தார்.

அந்த நிமிஷம் என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் சாப்பிடுவதில்லை. இருபது வருஷத்தில் எனக்கு இங்கிலீஷில் சொல்ல வராத எத்தனையோ உண்டு. இது வரும், எளிதாக வரும். ஆனால் சொன்னால் பலன் போய்விடும். அது மட்டும் காரணம் இல்லை. இவ்வளவு நேரம் மெச்சிய அந்த அம்மா, சாமிக்காகப் பட்டினி கிடந்து பொய் எழுதிய படிக்காத பொம்பளை என்று என்னைப் பார்ப்பாரே என்ற கூச்சம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஒன்பதாவது வெள்ளி, ரெண்டு மாத்திரை. மதியம் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. படுத்துக்கொண்டேன். ரெண்டரைக்கு எழுந்து எப்படியோ வேலைக்குப் போய்வந்தேன். இன்னும் ரெண்டே வெள்ளிதானே என்று கட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

5

பத்தாவது வெள்ளி. மூன்றே கால் மணி. தூறல்.

பள்ளிக்கூட கேட்டைத் திறந்ததும் குழந்தைகள் கும்பலாக வந்தார்கள். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போனேன். ரெண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. குழந்தைகள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் தாண்டியிருக்கும்போது எனக்குக் கண் முன்னால் அவர்கள் கோட்டுகளின் நிறமெல்லாம் ஒன்றாகக் கலந்தது. அந்தக் குளிரில் வேர்வை முதுகில் ஓடியது. கம்பு கல் மாதிரி கனத்தது.

நின்றிருந்த ஒரு வேன் லேசாக உறுமியது. பலகை மேலே இருக்கும்வரைதான் அவர்கள் நிற்பார்கள். நான் விழுந்தால் பலகையும் விழும். பலகை விழுந்தால் தூறலில் கண்ணாடி மங்கிய பின்னாடி வண்டிக்காரனுக்கு என்ன தெரியும்? குழந்தைகள் நடுவிலே இருந்தார்கள். கம்பைத் தரையில் ஊன்றி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காவேரியம்மாவிடம் மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘இதுங்க தாண்டற வரைக்கும் என்னை நிறுத்தி வை தாயே, பொறவு எப்படியோ பண்ணு’ என்று மட்டும் கேட்டேன்.

கடைசியாக வந்தவள் நீலக் கோட்டு போட்ட ஒரு தாய். என் முகத்தைப் பார்த்ததும் தன் பிள்ளையை ஒரு கையிலும் என் முழங்கையை ஒரு கையிலுமாகப் பிடித்து ஓரத்துக்கு நடத்திப் போனாள். என்னை நடைபாதையில் உட்கார வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் பையிலிருந்து ஜூஸ் டப்பாவை எடுத்து, குழலைக் குத்தி என் வாயில் வைத்தாள். நான் உறிஞ்சினேன். விளக்கு வைக்க இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் குடித்தேன்.

அன்று பொழுது சாய வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏம்புள்ள, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?”

எதற்காக என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பச்சை பச்சையாக நிரம்பிய கட்டங்களை விரலால் தடவினார்.

“பத்து வெள்ளியா? தெனமும் என்ற பக்கத்துல உக்காந்துதான தின்னே?”

“விளக்கு வச்சுட்டுத்தானுங்க உக்காருவேன். பகல்ல நீங்க எங்க இருக்கறீங்க?”

“எதுக்கு வெரதம்?”

“சொல்லக் கூடாதுங்க.”

“சொல்லாம ரோட்டுல உழுந்து செத்துப் போயிருவியா?”

அவர் விடவில்லை. ஜூஸிலேயே பாதி விரதம் போயாயிற்று, இனி எதைக் காப்பாற்றுவது என்று சொல்லிவிட்டேன்.

“நீங்களும் மலரும் பேசோணும்னுதானுங்க.”

அவர் நோட்டை மூடி வைத்தார். “சாமிகிட்டப் போறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டேனுங்களே. ஆவணியிலிருந்து கேட்டுட்டுத்தான இருக்கறேன்.”

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

6

ஞாயிற்றுக்கிழமை மலர் கூப்பிட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டேன். பயம். இவ்வளவு நாள் அவள் பார்த்துச் சிரித்ததெல்லாம் பொய்க்குச் சிரித்தது என்று எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை நர்ஸிடம் போனேன். போவதற்கு முன்னால் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, பத்து வெள்ளிக்கும் காலைக் கட்டத்தையும் மதியக் கட்டத்தையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். இருபது தடவை. எழுத எழுதக் கை வலித்தது. நர்ஸ் முன்னால் நோட்டை விரித்து வைத்து, சிவப்பு எல்லாம் நான் சாப்பிடாத வேளை என்றேன். எதற்காக என்று கேட்டார். மகளுக்காக என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நோன்பு இருக்கிறவர்கள் பல மதத்திலும் இங்கே வருகிறார்கள், முன்கூட்டியே கேட்பார்கள், எந்த மாத்திரையை எப்போது விட வேண்டும், யார் இருக்கலாம், யார் கூடாது என்று சொல்வோம், நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பேனே என்றார். மாத்திரையை மறுபடி ஒன்றாக்கினார். வெறும் வயிற்றில் ரெண்டு மாத்திரை போட்டதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது என்றார், அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வேலையில் நானாகவே சொன்னேன். உடம்பு சரியாக இருக்கிறது என்று கடிதம் வரும்வரை ரோட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு படிவம், அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு இன்னொரு படிவம். இதை எழுதும்போதும் கடிதம் வரவில்லை. காய்கறிக்குப் போகும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போகிறேன். வேறு ஒருவர் நிற்கிறார். அவர் கம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறார்.

பதினோராவது வெள்ளி வந்தது. அன்று காலை ஏழரை மணிக்கு ரெண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு காவேரியம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் வாய் உள்ளே போகவில்லை. சொன்னதைச் செய்ய முடியாமல் போன ஒருத்தி சாமி முன்னால் உட்கார்ந்து தின்பது எப்படி இருக்கும் என்று, அப்படித் தின்றவர்களுக்குத்தான் தெரியும். ‘பத்தோட நிறுத்திக்கறேன் தாயே. கோவிச்சுக்கறதுன்னா என்மேல கோவிச்சுக்க, அவங்க ரெண்டு பேர் மேல வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். கையைக் கழுவி வந்த பிறகுதான் கட்டத்தை நிரப்பினேன்.

அண்ணி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோட்டில் குறை இல்லை. நம்மைப் போல நூறு வேலையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு அது நல்லதுதான். கடைச் சாமான், ஆஸ்பத்திரி நாள், பாஸ்போர்ட் புதுப்பிப்பது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. தள்ளிப் போட்டதைத் திரும்ப எழுதும்போது நம் சோம்பேறித்தனம் நமக்கே தெரிகிறது. படம் வரைய ஆசை இருந்தால் வரையுங்கள், இல்லாவிட்டால் சாதாரண நாற்பது பக்க நோட்டே போதும், அண்ணனை டவுனுக்கு அலைய விட வேண்டாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை யாருக்குக் காட்டுவதற்காக எழுதப் போகிறீர்கள்? யாராவது பார்த்து மெச்ச வேண்டும் என்று ஒரு கட்டத்தை நிரப்பினால், அடுத்த கட்டத்தையும் அதற்காகவே நிரப்புவீர்கள். காலிக் கட்டத்தைக் காலியாகவே காட்ட முடிகிற ஒரு ஆள் உங்களுக்கு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஆரம்பியுங்கள். எனக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறாளா என்பது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை எனக்கே தெரியாது.

இன்னொன்று. சனி பிடித்தாலும் சரி, சாமி கேட்டாலும் சரி, வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடாதீர்கள். விரதம் இருக்க வேண்டுமென்றால் முதலில் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அங்கே சொன்னால் பலன் போகாது.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார், பின்வாசல்வரை போனார், நின்றார். அப்புறம் திரும்பி வந்து மேஜையோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார். போனில் அவர் தெரிய மாட்டார், பேச்சு மட்டும் அவர் காதில் விழும்.

நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

“என்னம்மா இவ்ளோ ரெட்டு?”

“நான் சாப்பிடாத வேளை கண்ணு. பச்சையா இருந்ததெல்லாம் பொய்யி.”

“எல்லாமா?”

“வெள்ளிக்கெழமை மட்டுந்தான் பொய்யி.”

“அம்மா!”

வேண்டுதலைச் சொன்னேன், ரெண்டு மாத்திரையைச் சொன்னேன், ரோட்டில் நின்றதைச் சொன்னேன். எதற்காக வேண்டினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் அசையவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று பயந்து போனைத் தட்டினேன். அவள் கண்ணிலிருந்து ஒன்று வழிந்த பிறகுதான் லைன் இருக்கிறது என்று தெரிந்தது.

“வாரா வாரம் பாத்து சூப்பர்னு சொன்னேனே நான். என்னை வச்சா இப்படி?” நோட்டை இனி காட்டவே வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அதோடு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று என்று நினைத்தேன்.

“அப்பா எங்க?”

நான் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“பக்கத்துலதான இருக்கார்? கத்திச் சத்தம் கேக்குது. போனை அவர்கிட்ட குடுங்க.”

கத்தி நின்றது. நான் போனை நீட்டினேன். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தை வாங்குவதுபோல வாங்கினார்.

“ஒரே வீட்டுல இருக்கீங்க. பத்து வாரம். உங்களுக்குத் தெரியலையாப்பா? என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“நீ மட்டும் என்னத்தக் கிழிச்சே? வாரா வாரம் நோட்டப் பாத்தியே, உங்கம்மா மூஞ்சியப் பாத்தியா?”

“நான் மூணு மணி நேரம் தள்ளி இருக்கேன்!”

“யாரு அங்க இருக்கச் சொன்னா?”

“நீங்கதான்! வீட்டுக்கு வந்தா என் போட்டோவை எவனுக்கு அனுப்பி வச்சிருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“அனுப்பினது தப்புத்தான்னு ஆயிரந்தடவை நெனச்சுட்டேன்! அதை எந்தப் போன்ல வந்து சொல்லட்டும், நீ எடுக்கறயா?”

“நீங்க பண்ணினீங்களா? ஒரு தடவை? ஒரே ஒரு மிஸ்டு கால்?”

ரெண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். நான் நறுக்கிய பீன்ஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். கடுகு வெடிக்கும் சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் மற்றவர் ஆரம்பித்தார். ஒருவர்கூட வைக்கிறேன் என்று சொல்லவில்லை. நான் கரண்டியைப் பிடித்தபடி, நடுரோட்டில் நின்றதுபோலவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

சட்டென்று சத்தம் நின்றது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, கையில் கறுத்துக் கிடந்த போன்.

“சார்ஜர் எங்க புள்ள?” என்றார். “சீக்கிரம். அவ இன்னும் முடிக்கல.”